முதல் ஒரு நிமிஷம் ஏன் வெறும் ட்ரம்ஸ்? என் புது டெக் ஹவுஸ் ட்ராக் பத்தி

வாசகர் கேள்வி, மார்ச் 8

ப்ரோ, நேத்து வந்த உங்க ட்ராக் கேட்டேன். முதல் ஒரு நிமிஷம் கிக்கும் ஹேட்டும் மட்டும்தான் ஓடுது, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்னு ரெண்டு தடவை ஃபோனை எடுத்துப் பாத்தேன். பேஸ் வந்துச்சா வரலையான்னே தெரியல. அந்தக் குரல் வந்த அப்புறம்தான் புடிச்சுது. இப்ப வர்ற டெக் ஹவுஸ் எல்லாமே ஒரே மாதிரிதான் இருக்கு, இதுக்கு ஆறு நிமிஷம் எதுக்கு?

மார்ச் 8, இரவு 11:20

முதல்ல கணக்கைச் சொல்லிடறேன். டெக் ஹவுஸ்ங்கறது கிளப்ல ஆடறதுக்கான எலக்ட்ரானிக் மியூசிக், என் ட்ராக் 127 பிபிஎம், அதாவது நிமிஷத்துக்கு 127 அடி. ஒரு பாருக்கு (தாளத்தோட ஒரு சுத்து) நாலு அடி, 32 பாருக்கு 128 அடி, அது ஓடி முடிய 60 செகண்டுக்கு மேல ஒரு அரை செகண்ட். 128 பிபிஎம்ல வச்சிருந்தா மிகச்சரியா ஒரு நிமிஷம் வந்திருக்கும். நீங்க ஃபோனைப் பாத்துக்கிட்டு இருந்த நிமிஷம் அந்த 32 பார்தான், தெரிஞ்சேதான் விட்டிருக்கேன்.

நீங்க கேட்டது எக்ஸ்டெண்டட் மிக்ஸ், டிஜேக்கள் கிளப்ல வாசிக்கறதுக்கான நீளமான வெர்ஷன். கிளப்ல அதை யாரும் சைலன்ஸ்ல இருந்து ஆரம்பிச்சுக் கேக்கமாட்டாங்க. ஏற்கனவே வேற ஒரு ட்ராக் ஓடிக்கிட்டிருக்கும், அதோட கடைசி நிமிஷமும் இதே மாதிரி ட்ரம்ஸ்தான், அது மேலதான் என் முதல் நிமிஷம் வந்து உக்காரும். ரெண்டு ட்ராக்கோட கிக்கும் (அந்த ஆழமான ட்ரம் அடி) ஒரே அடில விழற மாதிரி புடிச்சு வச்சுக்கிட்டு, புதுசோட லோ நாப்பை (பேஸ் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கற திருகு) முழுசா இறக்கி வச்சு, மேல இருக்கற ஹேட், ஷேக்கர், க்ளாப் மட்டும் கொஞ்சம் கொஞ்சமா உள்ள விடுவோம். கேக்கறவங்களுக்கு ட்ராக் மாறுதுன்னே தெரியாது, எதோ தடிச்சுக்கிட்டே போற மாதிரி மட்டும் இருக்கும். அப்புறம் 33ஆவது பார் தொடங்கற அந்த ஒரு அடில பழசோட லோவை இறக்கி புதுசோட லோவை ஏத்தணும், ரெண்டு கையும் ஒரே நேரத்துல. பேஸ் ஸ்வாப்னு சொல்லுவாங்க. ரெண்டு பேஸ்லைன் ஒண்ணா ஓடினா சேறு மாதிரி ஆயிடும், அதனாலதான் பேஸ்லைன் இல்லாத ஒரு நிமிஷத்தை முன்னாடியும் பின்னாடியும் விட்டு வைக்கறது. அந்த ஸ்வாப் சரியா விழுந்தா டான்ஸ் ஃப்ளோர்ல தோள் எல்லாம் ஒரே நேரத்துல இறங்கும், அதைப் பாக்கத்தான் நான் இந்த வேலைக்கே வந்தேன்.

தனியா கேக்க 2 நிமிஷம் 50 செகண்ட்ல சுருக்கின ஒரு எடிட்டும் அதே ரிலீஸ்ல இருக்கு, அதைக் கேளுங்க. பேஸ் தெரியலன்னு சொன்னது ஃபோன் ஸ்பீக்கர்ல கேட்டதால. என் பேஸ் 49 ஹெர்ட்ஸ், அவ்வளவு கீழ இருக்கறது அதுல வரவே வராது, அது ட்ராக்கோட குத்தம் இல்ல.

மார்ச் 9, காலை

"எல்லாமே ஒரே மாதிரி" பத்தி நேத்து எழுதாம விட்டுட்டேன். டெக் ஹவுஸ்ங்கறது சிகாகோ ஹவுஸும் டெட்ராய்ட் டெக்னோவும் அமெரிக்காவுல கலந்து பொறந்தது. 1977ல சிகாகோவுல திறந்த வேர்ஹவுஸ் கிளப்ல டிஜே ஃப்ராங்கி நக்கில்ஸ் வாசிச்சதுல இருந்துதான் ஹவுஸ்ங்கற பேரே வந்துச்சு. டெட்ராய்ட் பக்கம் டெக்னோவை உண்டாக்கின ஹுவான் அட்கின்ஸ், டெரிக் மே, கெவின் சாண்டர்சன். ரெண்டு ஊர்லயும் கிட்டத்தட்ட ஒரே மெஷின்கள்தான். 1983ல ரோலண்ட் விட்ட டிஆர்-909 ட்ரம் மெஷினோட கிக், அதே ஹேட். நாலடி கிக் எல்லாத்துலயும் ஒண்ணுதான். வித்தியாசம் எல்லாம் அந்தக் கிக்குக்கு நடுவுல என்ன நடக்குதுங்கறதுலதான்.

மார்ச் 9, மதியம்

கீழ கமெண்ட்ல ஒருத்தர் திருத்தியிருக்கார், அவர் சொல்றதுதான் சரி. வேர் சிகாகோவும் டெட்ராய்ட்டும், ஆனா டெக் ஹவுஸ்னு ஒரு தனி சத்தமா ஆனது 90கள்ல லண்டன்ல. எடி ரிச்சர்ட்ஸ், டெரி ஃப்ரான்சிஸ், நேதன் கோல்ஸ்னு மூணு டிஜேக்களும் நடத்தின விகிள் பார்ட்டிகள், மிஸ்டர் சியும் லேயோ பாஸ்கினும் சேர்ந்து 1995 கடைசில திறந்த தி எண்ட் கிளப், அப்புறம் 1999ல ஃபேப்ரிக் கிளப், அங்க வழக்கமா வாசிக்கற ரெசிடெண்ட்டா டெரி ஃப்ரான்சிஸும் க்ரெய்க் ரிச்சர்ட்ஸும். காலைல நான் அமெரிக்காவுல பொறந்ததுன்னு எழுதினதை அப்படியே விட்டு வைக்கறேன், திருத்தம் எதுக்குன்னு படிக்கறவங்களுக்குப் புரியணும்ல.

இதுல எனக்கு ஒரு விஷயம் முக்கியமாப் படுது. அந்த லண்டன் ஆளுங்க ஒரு புது ஜானர் பண்ணணும்னு உக்காரல. ராத்திரி பூரா வாசிக்கற செட்ல ஹவுஸ் ரெக்கார்டும் டெக்னோ ரெக்கார்டும் ஒண்ணுக்குள்ள ஒண்ணு போகணும், அதுக்குத் தோதான ட்ராக்கைத் தேடினாங்க, கிடைக்காதப்போ தாங்களே பண்ணினாங்க. டிஜே கையில மிக்ஸ் ஆகறதுக்காகவே பண்ணின மியூசிக். அதனால தனியா எடுத்துக் கேட்டா பாதி கட்டின வீடு மாதிரித்தான் இருக்கும். நான் அதை ஒரு குறையா நினைக்கல.

மார்ச் 11

ரெண்டு நாளா ஒரு விஷயம் உறுத்துது, எழுதிடறேன். 8ஆம் தேதி "ட்ராக்கோட குத்தம் இல்ல"ன்னு எழுதினேன். அது பாதிதான் உண்மை.

நேத்து ராத்திரி நானும் ஃபோனை டேபிள்ல வச்சு, ஸ்பீக்கர்லயே என் ட்ராக்கைக் கேட்டேன். பேஸ் சுத்தமாக் காணோம், கிக்கோட டிக் சத்தம் மட்டும் வருது. சரின்னு பழைய சிகாகோ ட்ராக் நாலு, 90கள் லண்டன் ட்ராக் ரெண்டு அதே ஃபோன்ல போட்டேன். அதுல எல்லாம் பேஸ்லைன் பாடுது. அடி ஆழம் இல்ல, ஆனா எந்த நோட்டு எங்க போகுதுன்னு வாயாலயே முணுமுணுக்கலாம். அப்ப ஃபோன் மேல மட்டும் பழி போட முடியாது.

காரணம் இதுதான். என் பேஸ் கிட்டத்தட்ட சுத்தமான சைன் அலை, ஜி நோட்டு, 49 ஹெர்ட்ஸ். சைன்ல அந்த ஒரு ஃப்ரீக்வென்சியைத் தவிர வேற எதுவும் கிடையாது. ஃபோன் அதைத் தர முடியாதுன்னா காதுக்குப் புடிச்சுக்க எதுவும் மிஞ்சாது. கொஞ்சம் சாச்சுரேஷன் போட்டு அலையை லேசா முறுக்கினா 98, 147, 196ன்னு மேல மேல ஹார்மோனிக்ஸ் (49ஓட மடங்குகள்) முளைக்கும், இன்னும் மேல 300, 400 பக்கமும் வரும். சின்ன ஸ்பீக்கர் அந்த மேல இருக்கறதைத் தரும், நம்ம மூளை அதுங்களுக்கு நடுவுல இருக்கற 49 இடைவெளியை வச்சு கீழ இல்லாத நோட்டைத் தானே போட்டுக்கும். இல்லாத அடிப்படை நோட்டு கேக்கறதுங்கறது நெஜமாவே நடக்கற விஷயம்.

இது எனக்குத் தெரியாததும் இல்ல, பத்து வருஷமாத் தெரியும். பெரிய ஸ்டுடியோ ஸ்பீக்கர்ல சப்வூஃபர் போட்டுக் கேக்கும்போது சுத்தமான சைன் நெஞ்சுல வந்து அடிச்சுது, அந்த சந்தோஷத்துல சின்ன ஸ்பீக்கர்ல ஒரு தடவை கூட போட்டுப் பாக்காம அனுப்பிட்டேன். நீங்க கேட்டது சரிதான் ப்ரோ.

மார்ச் 12

சைட்செயின்னா என்னன்னு ஒருத்தர் கேட்டிருந்தாங்க. கிக் விழற ஒவ்வொரு தடவையும் பேஸோட சத்தத்தைத் தானா அமுக்கி, கிக் போன உடனே திரும்ப எழ விடறது. பேஸ் மூச்சு விடற மாதிரி கேக்கறது அதனாலதான்.

மார்ச் 16, அதிகாலை 4:50

செட் முடிஞ்சு வந்து உக்காந்து டைப் பண்றேன், காது அடங்கல. (காதுக்கு ப்ளக் போட்டேன். போடாதவங்களுக்கு: 85 டெசிபல்ல எட்டு மணி நேரம்தான் பாதுகாப்பு, ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும், அப்படியே கணக்குப் போட்டா 100 டெசிபல்ல 15 நிமிஷம். டிஜே பூத்ல அதைவிடக் கூடவே இருக்கும். தயவுசெஞ்சு போடுங்க.)

ரிலீஸ் ஆன அப்புறம் முதல் தடவை பெரிய சிஸ்டத்துல என் ட்ராக்கைப் போட்டேன். 33ஆவது பார்ல ஸ்வாப் நான் 8ஆம் தேதி எழுதின மாதிரியே விழுந்துச்சு, முன் வரிசை ஒரு சத்தம் போட்டுச்சு, அது வரைக்கும் சந்தோஷம். ஆனா ரெண்டு விஷயம் புடிபட்டுச்சு, ரெண்டுமே வீட்ல புடிபடாதது.

ஒண்ணு, கிக். நாலு அடி விழுதுன்னா நாலும் ஒரே கனமா விழணும். எனக்கு ஒரு அடி பெருசு, அடுத்தது சிறுசு, அப்புறம் நடுத்தரம்னு விழுந்துச்சு. முதல்ல ரூம் மேலதான் சந்தேகம், அடுத்த ட்ராக் போட்டதும் அதே ரூம்ல எல்லாம் சமமா இருந்துச்சு. இப்ப வந்ததும் ப்ராஜெக்ட்டைத் திறந்து பாத்தேன். கிக்கோட வால் 52 ஹெர்ட்ஸ் பக்கம் நிக்குது, பேஸ் 49ல ஓடுது. சைட்செயின் ரொம்ப சீக்கிரம் விட்டுடறதால கிக்கோட வால் அடங்கறதுக்குள்ள பேஸ் எழுந்துடுது. போதாததுக்கு பேஸ் ஆசிலேட்டரை (அலையை உண்டாக்கற பகுதி) ஒவ்வொரு நோட்டுக்கும் முதல்ல இருந்து தொடங்கற மாதிரி நான் வைக்கல, அது பாட்டுக்கு சுத்திக்கிட்டே இருக்கு. அதனால சில அடில ரெண்டு அலையும் ஒண்ணா மேல ஏறி கூடிக்குது, சில அடில ஒண்ணு ஏற இன்னொண்ணு இறங்கி ரெண்டும் ஒண்ணையொண்ணு தின்னுடுது. ஹெட்ஃபோன்ல இதை "க்ரூவ்"னு நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

ரெண்டாவது, ரெண்டாவது பிரேக்டவுன். 24 பார், 45 செகண்ட். கிக் இல்லாம வெறும் குரலும் ரிவெர்பும் (எதிரொலி). வீட்ல அது ஒரு ஏக்கம் மாதிரி கேட்டுச்சு. ஃப்ளோர்ல 16 பார் வரைக்கும் கை மேல இருந்துச்சு, அதுக்கப்புறம் கைகள் இறங்க ஆரம்பிச்சுது, இருட்டுல அங்கங்க ஃபோன் ஸ்க்ரீன் வெளிச்சம் தெரிஞ்சுது. அந்த வெளிச்சத்தைப் பாத்ததும் உங்க "ரெண்டு தடவை ஃபோனை எடுத்துப் பாத்தேன்"தான் ஞாபகம் வந்துச்சு. நீங்க பாத்தது இண்ட்ரோல, அவங்க பாத்தது இங்க.

இண்ட்ரோவுல என் கட்சிதான். பிரேக்டவுன்ல உங்க கட்சி. தூங்கப் போறேன்.

மார்ச் 18

இன்னொரு நண்பர் (அவரும் டிஜேதான்) இண்ட்ரோலயும் என் கட்சியை உடைச்சிருக்கார். அவர் சொல்றது: 32 பார் வழக்கம் வந்தது வினைல் ரெக்கார்ட் காலத்துல. டெக்னிக்ஸ் டர்ன்டேபிள்ல வேகத்தை மாத்தற பிட்ச் ஸ்லைடர் ப்ளஸ் மைனஸ் 8 சதவீதம், காதால மட்டுமே வேகத்தைப் புடிச்சு, நழுவினா விரலால தள்ளி, அதுக்கே அரை நிமிஷம் வேணும். இப்ப சிடிஜேல (டிஜேக்களோட டிஜிட்டல் ப்ளேயர்) ஒரு நாலு பாரை லூப் போட்டா எவ்வளவு நேரம் வேணா ஓட்டிக்கலாம், வேகத்தைத் தானே சேர்த்துக்கற சிங்க் பட்டன் வேற. அப்புறம் எதுக்கு ஒரு நிமிஷம்?

சட்டுனு பதில் வரல, ஏன்னா நானே லூப் போடறவன். சனிக்கிழமை ராத்திரி மட்டும் ஏழெட்டு தடவை போட்டிருப்பேன்.

ரெண்டு நாள் யோசிச்சு எனக்குத் தோணினது: லூப் நிக்கும், இண்ட்ரோ நகரும். நல்ல இண்ட்ரோல ஒவ்வொரு எட்டு பாருக்கும் எதாவது வரும், முதல்ல மூடின ஹேட், அப்புறம் க்ளாப், அப்புறம் ஷேக்கர், கடைசி எட்டுல ஒரு பெர்க்கஷன் நோட்டு பேஸ் வரப்போகுதுன்னு சொல்லிட்டுப் போகும். ஓடிக்கிட்டிருக்கற ட்ராக் இறங்க இறங்க இது ஏறும். லூப்ல அந்த ஏற்றத்தை நான் ஈக்யூவாலயும் ஃபில்டராலயும் செஞ்சுக்கணும், ஆகாததில்ல, ஆனா அது வேற ஒரு உணர்வு.

ஆனா என் இண்ட்ரோவைத் திரும்பக் கேட்டா முதல் 16 பார்ல ஒண்ணுமே நகரல. கிக், ஹேட், கிக், ஹேட். ட்ரம்ஸ் மட்டும் இருக்கறதுல தப்பில்ல, அந்த ட்ரம்ஸ் ஒரு இடத்துலயே நின்னதுதான் தப்பு. 8ஆம் தேதி பதில்ல நான் ஜானரைக் காப்பாத்தினேன், என் ட்ராக்கைப் பாக்கல.

மார்ச் 20

ஸ்விங் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா ஆசை, "ஒரே மாதிரி"க்கு என் நெஜமான பதில் அதுதான்.

127 பிபிஎம்ல ஒரு பதினாறாம் நோட்டு 118 மில்லிசெகண்ட். எல்லாத்தையும் கட்டத்துல நேரா வச்சா 50 சதவீதம், அதாவது ரெண்டு ரெண்டு நோட்டா பிரிச்சா ரெண்டாவது சரியா நடுவுல விழும். ரோஜர் லின் தன் ட்ரம் மெஷின்கள்ல, அப்புறம் 1988ல வந்த எம்பிசி60ல, இந்த ரெண்டாவது நோட்டைத் தள்ளி வைக்க ஒரு வழி கொடுத்தார். 56 சதவீதம் வச்சா அது 14 மில்லிசெகண்ட் லேட்டா விழும். 66 பக்கம் போனா மூணா உடைஞ்ச தாளம் மாதிரி ஆயிடும். 14 மில்லிசெகண்டை யாரும் எண்ணிக் கேக்க முடியாது, ஆனா இடுப்புக்குத் தெரியும். நேரா வச்ச ஹேட் நடக்கும், தள்ளி வச்சது ஆடும்.

ஒரே 909, ஒரே நாலடி, ஆனாலும் கண்ணை மூடிக்கிட்டு இது சிகாகோ ஆள் க்ரீன் வெல்வெட் பக்கம், இது லண்டன் பக்கம்னு கைகாட்ட முடியுதுன்னா இந்த மாதிரி சின்னச் சின்ன நகர்வுதான் காரணம். ஷேக்கர் மட்டும் 58ல, ஹேட் 53ல, க்ளாப் அடிக்கு ஒரு மயிரிழை முன்னாடி. இதை ஒரு வாரம் உக்காந்து செதுக்கலாம், நான் செதுக்கியிருக்கேன்.

ஆனா ஒரே மாதிரி இருக்குங்கறதுல உண்மையும் இருக்கு, அதை ஒத்துக்காம விட்டா பொய். ஆஸ்திரேலிய டிஜே ஃபிஷரோட ட்ராக் ஒண்ணு கிராமி நாமினேஷன் வரைக்கும் போன அப்புறம் அந்த அச்சுல ஆயிரம் வந்துச்சு, ஒரு உருளற பேஸ், ஒரு வரி குரல், ஒரு ஸ்னேர் ரோல். ரெடிமேடா விக்கற சாம்பிள் பேக்ல வர்ற அதே குரல் வரியை ஒரே மாசத்துல நாலு ட்ராக்ல கேட்டிருக்கேன். அதனாலதான் என் ட்ராக்ல வர்ற குரலுக்கு பேக் பக்கமே போகல. பழைய ரெக்கார்ட்ல இருந்து எடுக்கவும் பயம், ரெக்கார்டிங்குக்கு ஒரு உரிமை, பாட்டு எழுதினவங்களுக்கு ஒரு உரிமைன்னு ரெண்டு இடத்துல கேக்கணும். என் அக்கா ஃபோன்ல அனுப்பின ஒரு வாய்ஸ் மெசேஜ், அவங்க சம்மதத்தோட, அதுல இருந்த ஒரு சிரிப்பும் அஞ்சு வார்த்தையும்தான் நீங்க "குரல் வந்த அப்புறம் புடிச்சுது"ன்னு சொன்னது. அதை அவங்ககிட்ட படிச்சுக் காட்டினேன், இன்னும் சொல்லிக்கிட்டு இருக்காங்க.

மார்ச் 23

மாஸ்டர் (வெளிய விடறதுக்கு முன்னாடி சத்தத்தைச் சரி பண்ணின கடைசி வடிவம்) பத்தி சின்னதா. மைனஸ் 7 லஃப்ஸ்ல (சராசரி சத்தத்தோட அளவு) விட்டேன், கிளப்ல மத்த ட்ராக் பக்கத்துல மெலிஞ்சு தெரியக் கூடாதுன்னு. ஸ்பாட்டிஃபை சாதாரண செட்டிங்ல எல்லாத்தையும் மைனஸ் 14க்கு இறக்கிடும், அதாவது என் ட்ராக்கை 7 டெசிபல் குறைக்கும். அமுக்கி அமுக்கி சத்தம் ஏத்தினது எல்லாம் போயி, அமுக்கினதால நசுங்கின கிக் மட்டும் மிஞ்சும். ப்ரோ ஃபோன்ல மெலிசா கேட்டதுக்கு இதுவும் ஒரு காரணம். எடிட்டுக்காவது தனி மாஸ்டர் பண்ணியிருக்கணும்.

மார்ச் 29

ரெண்டு வாரமா ராத்திரி ராத்திரி உக்காந்து ஒரு கிளப் எடிட் பண்ணிட்டேன். கிக்கோட வாலை 49க்கு இறக்கி, நீளத்தையும் வெட்டினேன். பேஸ் இப்ப ஒவ்வொரு நோட்டுக்கும் முதல்ல இருந்து தொடங்கும், அதோட இன்னொரு காப்பில மட்டும் சாச்சுரேஷன் போட்டு, 150க்குக் கீழ வெட்டி, மெல்லிசா மேல சேர்த்திருக்கேன். சுத்தமான சைன் கீழ அப்படியே இருக்கு, அதை விட மனசு வரல. பிரேக்டவுன் 16 பார். மாஸ்டர் மைனஸ் 9.

இண்ட்ரோவை 16 ஆக்கலாம்னுதான் உக்காந்தேன். வெட்டிட்டுக் கேட்டா மூச்சு முட்டுது. திரும்ப 32 வச்சு, முதல் எட்டுக்கு அப்புறமே ஷேக்கர், பதினாறுல அக்காவோட சிரிப்பு ரிவர்ஸ்ல தூரமா, இருபத்திநாலுல காங்கா. அதே ஒரு நிமிஷம் இப்ப சீக்கிரம் போகுது. ஃபோன்ல போட்டேன், பேஸ் கேக்குது.

ஏப்ரல் 2

முதல் கேள்வி கேட்ட ப்ரோ சின்னதா ஒரு கன்ட்ரோலர் வாங்கியிருக்காராம், இந்த ட்ராக்கை வேற ஒண்ணோட மிக்ஸ் பண்ணிப் பாத்துட்டு "அந்த ஒரு நிமிஷம் பத்தலை"ன்னு எழுதியிருக்கார். படிச்சுட்டு ரொம்ப நேரம் சிரிச்சுக்கிட்டே இருந்தேன், சந்தோஷத்துல.

லேபிள்ல கேட்டுட்டேன், அனுப்பலாம்னு சொல்லிட்டாங்க. புது எடிட் வேவ் ஃபைலா உங்க இன்பாக்ஸ்ல இருக்கு. பேஸ் 1:00 தாண்டின உடனே உள்ள வருது, அந்த காங்கா உள்ள வந்ததுல இருந்து எட்டு பார் எண்ணிக்கோங்க, உங்க பழைய ட்ராக்கோட லோவை முன்னாடியே இறக்கிடாதீங்க, அதே அடில இறக்குங்க.